காயப்பட்ட மனமும் கடவுளின் அன்பும்

கேள்வி: தகப்பனின் அடிக்கு அஞ்சியே வளர்ந்த ஒருவருக்கு, 'பரமபிதா நேசிக்கிறார்' என்ற பிரசங்கத்தைக் கேட்டதும் மனம் இறுகிப்போவது விசுவாசக் குறைவா?
- வாசகி, பொம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: அப்படிச் சொல்வதற்கில்லை. உளப்பகுப்பாய்வாளர் அனா-மரியா ரிசூட்டோ 1979இல் வெளியிட்ட நூலில், ஒருவர் வேதபாடத்தில் கற்கும் கடவுள் கருத்தையும், பெற்றோரோடு வாழ்ந்த அனுபவத்திலிருந்து அவர் அறியாமலே மனத்தில் உருவாகும் கடவுள் படிமத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது அன்பைப் பேசும்போதே பின்னது தண்டனையை எதிர்பார்த்து நடுங்கக்கூடும். ஆயினும் காயம் எல்லோரையும் ஒரே திசையில் தள்ளுவதில்லை. கிடைக்காத பாசத்துக்கு ஈடாகக் கடவுளை இறுகப் பற்றிக்கொள்வோரும் உண்டு.

எந்தத் திசையில் சென்றாலும், அந்த அன்பை உணரக் காலம் பிடிக்கலாம். இன்றைய கர்நாடகத்தின் மலைக்காடான கங்காமூலாவில் 1858இல் பிறந்த சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய், பஞ்சக்காலத்தில் பெற்றோரையும் தமக்கையையும், பின்னர் அண்ணனையும் கணவரையும் இழந்து, 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்; எனினும் தாம் கண்டடைந்தது கிறிஸ்தவ சமயத்தையே, கிறிஸ்துவை அல்ல என்பது எட்டு ஆண்டுகள் கழித்தே தமக்குப் புலப்பட்டதாகத் தம் சாட்சி நூலில் எழுதினார். அத்தகையவருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்க, உடனே மன்னித்து மறந்துவிடும்படி வற்புறுத்தும் ஆலோசனை (சபைகளில் அது மலிவாகவே கிடைக்கிறது) காயத்தின் மேல் குற்றவுணர்வையும் ஏற்றுகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் திருமறை ஜெபமாகவே ஏற்றுள்ளது. பழைய அச்சம் உறக்கத்தையும் அன்றாட வாழ்வையும் குலைக்குமாயின், ஜெபத்தோடு மருத்துவத்தையும் நாடலாம். ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உள்ளது.