நீளக் கம்பிக்கு எந்தத் தாங்கி? கிட்டங்கியில் ஒரு திருப்புத்திறன் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் திருப்புத்திறனைக் கற்பிக்கும்போது கதவு, ஸ்பேனர், சீசா பலகை ஆகியவற்றைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு சாலையோரத்திலேயே கிடைக்கும். தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரை உள்ள ஊர்களில் பைப் கடையையும் இரும்புக் கடையையும் மாணவர்கள் அறிவார்கள். ஆழ்குழாய்க் கிணற்றுக்குக் குழாய், கட்டடத்துக்கு முறுக்குக் கம்பி என அங்கே விற்பவை நீளமானவை, கனமானவை. குழாய் பொதுவாக 6 மீட்டர், முறுக்குக் கம்பி 12 மீட்டர். இவற்றை எதில் அடுக்குவது?

நான்கு கால் கொண்ட சாதாரண அலமாரி உதவாது. முன்பக்கக் கால்கள் நீளப் பொருளை உள்ளே விடாது. சுவரில் சாய்த்து வைத்தால் அடி வழுக்கிச் சரியும். அதனால் பின்பக்கம் மட்டும் தூண்களும் அவற்றிலிருந்து முன்னோக்கி நீளும் கைகளும் கொண்ட தாங்கியைப் பயன்படுத்துகிறார்கள். இது கான்டிலீவர் ரேக். முன்பக்கம் முழுதும் திறந்திருக்கும்.

தேர்வு செய்யும் முன் நான்கு கேள்விகள்

1. எடை எவ்வளவு? கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, இருமடியாக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 16 மி.மீ. கம்பிக்கு 256 ÷ 162 = 1.58. எனவே 12 மீட்டர் கம்பி சுமார் 19 கிலோ. 40 கம்பிகள் 760 கிலோ.

2. எத்தனை கைகள்? 12 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் 4 கைகள் வைத்தால் இரு முனையிலும் 1.5 மீட்டர் வெளியே நீளும். எல்லாக் கைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 190 கிலோ தாங்கும். ஒரு கை தாழ்ந்தாலும் அதன் சுமை மற்றக் கைகளுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் குழாய் எளிதில் தொய்யும்; அதற்கு இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

3. சுமை எங்கே அமர்கிறது? கையின் நீளம் 60 செ.மீ. என்போம். கம்பிகள் சீராகப் பரவினால் சுமையின் மையம் தூணிலிருந்து 0.3 மீட்டரில் இருக்கும். திருப்புத்திறன் 1900 × 0.3 = 570 நியூட்டன் மீட்டர். அதே கம்பிகள் நுனிப்பக்கம் குவிந்து மையம் 0.5 மீட்டருக்குப் போனால் 950. எடை கூடவில்லை; தூணை வளைக்கும் திறன் கூடிவிட்டது. பொருளின் அகலத்துக்கு ஏற்ற கையைத் தேர்வது இதனால்தான். உருளும் பொருளுக்கு நுனியில் தடுப்பும் வேண்டும்.

4. ரேக் கவிழுமா? கைகள் நீளும் பக்கத்திலேயே அடிச்சட்டமும் நீண்டு, தரையோடு போல்ட்டால் இறுகியிருக்க வேண்டும். கனமானவை கீழ்க்கைகளில், இலகுவானவை மேலே.

வகுப்பறையில்

தொடக்க வகுப்பு: பிளாஸ்டிக் ஸ்கேலின் பாதியை மேசைக்கு வெளியே நீட்டி, மறுபாதியின்மேல் புத்தகம் வையுங்கள். அழிப்பானை முதலில் மேசை விளிம்பருகே, பிறகு நுனியில் வைக்கச் சொல்லுங்கள். "அழிப்பான் அதேதானே, ஏன் இப்போது அதிகம் வளைகிறது?" என்று கேளுங்கள். சூத்திரம் இல்லாமலே விடை வரும்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு: உருளையின் கனஅளவையும் எஃகின் அடர்த்தியையும் (கன மீட்டருக்கு 7850 கிலோ) கொண்டு 162 என்ற எண் எப்படி வந்தது எனக் கண்டுபிடிக்கட்டும். கணக்கும் அறிவியலும் ஒரே கம்பியில் சந்திக்கும்.

கடைக்கு அழைத்துச் சென்றால் உரிமையாளரிடம் முன்பே அனுமதி பெறுங்கள். சுமையேற்றிய கைகளின் கீழ் யாரும் நிற்கக் கூடாது. மாணவர்கள் போடும் கணக்கு புரிதலுக்கானது. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ரேக் தயாரிப்பாளர் குறித்த அளவே முடிவானது.

நம் பள்ளியில்

விழாவுக்கான மூங்கில், வலைப்பந்துக் கம்பம், பழைய இரும்புக் குழாய் ஆகியவை பல பள்ளிகளில் சுவரில் சாய்ந்தே நிற்கின்றன. ஒரு குழந்தையின் கை பட்டாலே அவை சரியக்கூடும். ரேக் வாங்க நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரியவர்களைக் கொண்டு அவற்றைத் தரையில், மரக்கட்டைகளின்மேல் படுக்க வைத்து, இருபுறமும் உருளாமல் அடைகொடுத்து, அந்த அறையைப் பூட்டிவைக்கலாம். ஏன் அப்படி வைத்தோம் என்பதை மாணவர்களே விளக்கினால் திருப்புத்திறன் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.