எஞ்சின் எண்ணெயின் தரமும் லாரிக் கணக்கும்

நம் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி சாலை வழியே நடைபெறுகிறது. அதனை நடத்துவோரில் மிகப் பலர் ஐந்து லாரிகளுக்கு மேல் இல்லாத சிறு உடைமையாளர்களே. கடன் தவணை, டீசல், டயர், சுங்கக் கட்டணம் ஆகியவை போக எஞ்சுவதே அவர்களது வருவாய். ஆண்டுக்கு நூறு லிட்டர் அளவில் செலவாகும் எஞ்சின் எண்ணெயைப் பற்றி அவர்கள் அதிகம் சிந்திப்பதில்லை. பட்டறையில் கொடுத்ததை ஊற்றிக்கொள்வதே வழக்கம். செலவு சிறிது என்பது உண்மையே. எனினும், அச்சிறு செலவில் செய்யப்படும் தேர்வு டீசல் செலவையும் எஞ்சினின் ஆயுளையும் பாதிக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், தவறான தேர்வுக்குக் கொடுக்க வேண்டிய விலை மேலும் கூடியுள்ளது.

எண்கள் கூறுவது என்ன?

எண்ணெய் டப்பாவின் மீது முதலில் கண்ணில் படுவது 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 போன்ற குறியீடு. அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ. 1911-ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர்ப் பலமுறை திருத்திய பகுப்பு இது. இக்குறியீடு எண்ணெயின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை மட்டுமே கூறுகிறது. தரத்தைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள பாகுநிலையைக் குறிக்கும். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 'டபிள்யூ' என்னும் எழுத்து குளிர்காலத்தைச் சுட்டுவது. 15டபிள்யூ எண்ணெய் மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ எண்ணெய் மைனஸ் 30 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிடாமல் தடுக்கும் அளவுக்கு இறுகிவிடக் கூடாது என்பதே விதி.

40-ஐ விட 50 உயர்ந்தது என்று கருதுவோர் இன்றும் உளர். இக்கருத்து சரியன்று. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெயைக் கலக்கித் தள்ளுவதற்கே எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. தேவைக்குக் குறைந்தால் உலோகங்களுக்கு இடையே உள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து தேய்மானம் ஏற்படுகிறது. எனவே எஞ்சினை உருவாக்கியவர் குறித்த எண்ணே அதற்கு உரியது. இடத்தையும் கருத வேண்டும். லடாக்கின் திராஸ் பகுதியில் குளிர்காலத்தில் எஞ்சினை இயக்குவதற்கு 5டபிள்யூ, 0டபிள்யூ போன்றவை இன்றியமையாதவை. சென்னையிலோ விசாகப்பட்டினத்திலோ மட்டும் ஓடும் லாரிக்குக் குளிரைக் காரணம் காட்டி அவற்றை வாங்கத் தேவையில்லை. ஒரே லாரி சமவெளியிலிருந்து லே வரை செல்லுமாயின் அது வேறு செய்தி.

'செயற்கை' என்னும் பெயர்

எண்ணெயின் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமாகிய ஏ.பி.ஐ. இதனை ஐந்து தொகுதிகளாகப் பிரித்துள்ளது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து பெறப்படுபவை. சுத்திகரிப்பு மேம்பட மேம்படத் தொகுதி எண் உயரும். நான்காவது, சிறிய மூலக்கூறுகளை இணைத்துக் கட்டப்படும் பாலிஆல்ஃபாஓலிஃபின். எஸ்டர் உள்ளிட்ட ஏனையவை ஐந்தாவதில் அடங்கும். ஹைட்ரஜன் கொண்டு தீவிரமாகப் பதப்படுத்தப்படும் மூன்றாம் தொகுதி எண்ணெயையும் 'செயற்கை' என்று விற்கலாம் என அமெரிக்காவில் ஒரு விளம்பரத் தகராற்றில் 1999-ஆம் ஆண்டு முடிவு கூறப்பட்டது. அதன்பின் அச்சொல் பொருளின் பிறப்பைக் காட்டிலும் அதன் செயல்திறனையே குறிக்கலாயிற்று. வாங்குவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்: செயற்கை என்ற பெயரில் விற்கும் இரு டப்பாக்களில் உள்ளவை ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

செயற்கை எண்ணெயின் சிறப்பு, வெப்பம் மாறும்போது அதன் பாகுநிலை குறைவாகவே மாறுவது. சாதாரண எண்ணெயில் இப்பண்பைப் பெற, நீண்ட சங்கிலி போன்ற பாலிமர்கள் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கி அவை நாளடைவில் அறுபடும். 40 ஆக ஊற்றிய எண்ணெய் 30-க்கு இறங்கிவிடுவதும் உண்டு. செயற்கை எண்ணெய்க்கு இத்தகைய பாலிமர் குறைவாகவே தேவைப்படுகிறது. அதிக வெப்பத்திலும் அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை.

சேர்க்கைப் பொருள்கள்

எஞ்சின் எண்ணெயில் சுமார் 10 முதல் 25 சதவீதம் வரை சேர்க்கைப் பொருள்கள் உள்ளன. தரத்தின் வேறுபாடு பெரிதும் இங்கேதான் அமைகிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் பிஸ்டனைத் தூய்மையாக வைத்து, எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கின்றன. புகைக்கரி திரண்டு சேறாகாமல் அதனைத் தனித்தனித் துகள்களாக மிதக்கவைப்பவை வேறு சில. துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட இசட்.டி.டி.பி. என்னும் பொருள், உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது.

இவை அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். முன்னர் அவ்வாறு எண்ணியதில் ஓரளவு நியாயமும் இருந்தது. டீசலில் கந்தகம் மிகுதியாக இருந்த காலத்தில் அமிலத்தை முறிக்க வலுவான கார இருப்பு வேண்டியிருந்தது. பாரத் ஸ்டேஜ்-4 டீசலில் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்த கந்தக வரம்பு, பாரத் ஸ்டேஜ்-6-இல் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. மறுபுறம், புதிய லாரிகளின் புகைப்போக்கியில் கரி வடிகட்டி பொருத்தப்பட்டுள்ளது. அதில் தேங்கும் கரியை எரித்துவிடலாம். எண்ணெயின் உலோகச் சேர்க்கைகள் விட்டுச் செல்லும் சாம்பலை எரிக்க இயலாது. பாஸ்பரசோ வினையூக்கியின் திறனைக் கெடுக்கும். எனவேதான் சி.ஜே.-4, சி.கே.-4 வகைகளில் சாம்பல் 1 சதவீதத்திற்கும் பாஸ்பரஸ் 0.12 சதவீதத்திற்கும் மிகக் கூடாதென வரம்பிடப்பட்டது. 2002-இல் வந்த சி.ஐ.-4 வகைக்கு இத்தகைய சாம்பல் வரம்பு இல்லை. இரண்டும் 15டபிள்யூ-40 என்றே விற்கப்படலாம். பழைய லாரிக்குப் பொருந்திய மலிவான எண்ணெயைப் புதிய லாரியில் ஊற்றுபவர், லிட்டருக்குச் சில பத்து ரூபாய் மிச்சப்படுத்தி, விலையுயர்ந்த வடிகட்டியை அடைக்கிறார். டப்பாவில் எண்ணைக் காட்டிலும் இவ்வெழுத்துகளையே முதலில் படிக்க வேண்டும். (மோட்டார் சைக்கிளுக்கும் இவ்வாறே ஓர் எச்சரிக்கை உண்டு: அதன் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கியிருப்பதால், உராய்வு குறைக்கும் கார் எண்ணெய் அதில் வழுக்கலை ஏற்படுத்தக்கூடும், எம்.ஏ. குறியுள்ளதே ஏற்றது.)

லாரிக் கணக்கு

கணக்கின் பொருட்டு, 20 லிட்டர் எண்ணெய் கொள்ளும் லாரி ஒன்று ஆண்டுக்கு 1,00,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். சாதாரண எண்ணெய் லிட்டர் 250 ரூபாய், மாற்றும் இடைவெளி 20,000 கிலோமீட்டர். செயற்கை எண்ணெய் 500 ரூபாய், இடைவெளி 40,000 கிலோமீட்டர். ஒவ்வொரு மாற்றத்திற்கும் வடிகட்டிச் செலவு 1,500 ரூபாய் என்றும் கொள்வோம். முதல் வகையில் ஆண்டுச் செலவு 32,500 ரூபாய். இரண்டாம் வகையில் 28,750 ரூபாய். லாரி பட்டறையில் நிற்கும் நாட்களும் பாதியாகக் குறையும். ஆனால் உற்பத்தியாளர் இடைவெளியை நீட்டிக்க இசையாவிடின், செயற்கை எண்ணெயின் செலவு 57,500 ரூபாயாகிவிடும். மிகைச் சுமை, புழுதி, கலப்பட டீசல் ஆகியவை உள்ள இடத்தில் இடைவெளியை நீட்டிப்பது அறிவுடைமையும் ஆகாது.

கணக்கின் மற்றொரு பக்கமே கூடுதல் கவனத்திற்குரியது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் அந்த லாரி 25,000 லிட்டர் டீசல் குடிக்கும். சரியான பாகுநிலையால் அதில் 1 சதவீதமே குறைந்தாலும் 250 லிட்டர். 90 ரூபாய் விலையில் 22,500 ரூபாய். சாதாரண எண்ணெயின் ஆண்டுச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட தொகை இது. ஆயினும் இதனைச் சிறு உடைமையாளர் கண்ணால் காண்பதில்லை. எண்ணெய்க்கான ரசீது கைக்கு வருகிறது, மிச்சமாகும் டீசலுக்கு ரசீது இல்லை. பேருந்து, லாரிக் கூட்டங்களை நடத்தும் நிறுவனங்கள் எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி இடைவெளியை முடிவு செய்ய இயலும். தனி லாரிக்காரருக்கு அவ்வசதியை உடைமையாளர் சங்கங்களே கூட்டாக ஏற்படுத்தித் தருதல் வேண்டும்.

நாட்டின் கணக்கும் உண்டு. சென்னை மணலியில் 1969-இலும் ஹால்தியாவில் 1975-இலும் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலைகள் அடிப்படை எண்ணெய் தயாரித்தபோதிலும், தென் கொரியா முதலிய நாடுகளிலிருந்து பெருமளவு இறக்குமதி தொடர்கிறது. வடித்தெடுத்த பழைய எண்ணெயோ சாக்கடையிலும் சூளை அடுப்பிலும் முடிவதுண்டு. உண்மையில் அதில் தீர்ந்துபோவது சேர்க்கைப் பொருள்களே. அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி அழுக்கடைந்து கிடக்கிறதே தவிர அழிவதில்லை. அதனை மறுசுத்திகரிப்பு செய்து மீண்டும் பயன்படுத்தலாம். 2023-இல் அறிவிக்கப்பட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பழைய எண்ணெயைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் சுமத்தியுள்ளன. அப்பொறுப்பு நிறைவேற, நெடுஞ்சாலையோரத்துச் சிறு பட்டறையில் வடிக்கப்படும் எண்ணெயும் சேகரிப்பாளரிடம் வந்து சேர வேண்டும். சூளைக்காரர் கொடுக்கும் விலையை விடப் பதிவுபெற்ற சேகரிப்பாளர் கொடுக்கும் விலை குறைவாக இருக்குமானால் அது வந்து சேராது.