பந்தயக் காரும் பிரஷர் குக்கரும்

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். இன்றைய பெரும்பாலான கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. அதனடியில் பெட்ரோல் எரியும்போதோ வாயுக்களின் வெப்பநிலை 2000 டிகிரியைத் தாண்டுகிறது! பிறகு ஏன் அது உருகுவதில்லை? உள்ளே ஓடும் நீர் வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிச் சென்று, ரேடியேட்டர் வழியே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

சாலையில் செல்லும் கார் தன் முழுத் திறனைக் காட்டுவது அபூர்வம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்டது போன்ற பந்தயத் தடத்தில் நிலைமை வேறு. அங்கே சுற்றுக்குச் சுற்று எஞ்சின் முழுத் திறனுடன் உழைக்கிறது.

13 விநாடிக் கணக்கு

பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையுடன் போகிறது. மற்றொரு பங்கு நீரைச் சேர்கிறது. ஆகவே 60 கிலோவாட் திறனைத் தரும் எஞ்சின், ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை நீருக்கும் தருகிறது. அதாவது விநாடிக்குச் சுமார் 14 கிலோகலோரி. அமைப்பில் 6 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். ரேடியேட்டர் வேலை செய்யாமல், எல்லா வெப்பமும் நீரிலேயே தங்கினால், 90 டிகிரியில் உள்ள நீர் 120 டிகிரியை எட்ட 13 விநாடி போதும்!

சிறு மூடியின் பெரிய வேலை

பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை அல்லவா? ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். அதிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் அழுத்தத்தை உள்ளே அடைத்து வைக்கின்றன. வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்கு இருந்தால் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெளிக்காற்று 35 டிகிரி என்போம். நீர் 95 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 60. 115 டிகிரியில் இருந்தால் 80. ஆகவே அதே ரேடியேட்டர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும்.

ரப்பர் வளையம் தேய்ந்தால் அழுத்தம் கசிந்துவிடும். நீர் முன்னதாகவே கொதிக்கும். உலோகத்தை ஆவிப்படலம் மூடிக்கொள்ளும். ஆவி வெப்பத்தை நன்கு கடத்தாது. விளைவு, ஹெட் வளைந்து கேஸ்கெட் பழுதாகும்.

தடத்தில் இறங்குமுன்

1. மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மூடியை மாற்ற வேண்டும்.

2. ரேடியேட்டர் தகடுகளிடையே சிக்கிய பூச்சி, இலை, தூசியை அகற்ற வேண்டும்.

3. கிணற்று நீர் ஊற்றக் கூடாது. அதிலுள்ள உப்புகள் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். காய்ச்சி வடித்த நீரே நல்லது. கிளைக்கால் கலந்த கூலன்ட் சிந்தினால் தடம் வழுக்கும். எனவே பல பந்தயங்களில் அதற்கு அனுமதியில்லை. அங்கே நீருடன் துருத்தடுப்பு மருந்து மட்டும் சேர்ப்பார்கள்.

4. உப்பிய, வெடித்த ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். நீர் நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழி தங்கக் கூடாது.

5. ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்ட வேண்டும். பம்பு நின்றால், சூடான உலோகத்தை ஒட்டித் தேங்கிய நீர் கொதித்துவிடும்.

எச்சரிக்கை!

சூடான எஞ்சினில் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். 115 டிகிரியில் உள்ள 6 லிட்டர் நீர், அழுத்தம் நீங்கியதும் 100 டிகிரிக்கு இறங்கும். அப்போது வெளிப்படும் வெப்பம் 90 கிலோகலோரி. ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி தேவை. எனவே 167 கிராம் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகும். அதன் பருமன் ஏறத்தாழ 280 லிட்டர்! அந்த ஆவி, கொதிநீரையும் சேர்த்து முகத்தில் வாரி இறைக்கும். எஞ்சின் நன்கு ஆறும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.

சிந்திக்க: உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல் உள்ளது. மூடி பழுதான கார் அங்கே சென்றால், அதிலுள்ள நீர் 100 டிகிரிக்கு மேல் கொதிக்குமா, கீழா? காரணத்துடன் எழுதிப் பாருங்கள்.