சாமை ஆலை: ஊர் கூடி வைப்பது எப்படி?

கல்வராயன் மலையில் சாமை விளையுது. ஆனா வெள்ளிமலைப் பக்கம் பல வீட்டுல உலையில் கொதிப்பது ரேஷன் அரிசி. ருசி மாறிப்போச்சுன்னு சொல்றாங்க. நான் பார்த்தவரை முதல் காரணம் உலக்கை. குத்துற வேலை முழுக்கப் பெண்கள் தோளில். அதனால் உமியோடயே மூட்டை கீழே இறங்கிடுது.

கள்ளக்குறிச்சியில மொத்தமா அரைச்சு மேலே ஏத்தலாமே என்று கேட்கலாம். தவிடு போகாத சாமை அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அப்பப்போ, கொஞ்சம் கொஞ்சமா உமி நீக்கணும். ஆலை ஊருக்குள்ள இருந்தாத்தான் அது நடக்கும்.

இதைப் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மகளிர் குழுக்களே சிறுதானிய ஆலைகளை நடத்தினாங்க. மதுரை தானம் அறக்கட்டளை, கோவை வேளாண் பல்கலைக்கழகம், கனடாவின் மெனோனைட் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து 2011 முதல் சில ஆண்டுகள் சவ்வாது மலை, அஞ்செட்டி, பேரையூர் உழவர்களோடு சிறு இயந்திரங்களில் வேலை செஞ்சாங்க. முதலில் ஓடுகிற ஆலை ஒன்றைத் தேடிப் போங்க. விலையை அப்புறம் கேட்கலாம். எந்தப் பாகம் முதலில் தேயுது, யார் மாத்துறாங்க, மாத்த எத்தனை நாள் ஆகுது? இதைக் கேளுங்க. வெறுங்கையோட போகாதீங்க, உங்க சாமை ஒரு மூட்டை கொண்டுபோய், ஒருநாள் அங்கேயே கூடமாட வேலை செய்யுங்க.

இயந்திரத்தின் சூட்சுமம் சின்னதுதான். சுழலும் சக்கரம் மணியைச் சுவரில் வீசி அடிக்கும், உமி உடையும். மணி ஒரே அளவா, நல்லா காய்ஞ்சு இருக்கணும். கலந்து கிடந்தா பெருசு நொறுங்கும், பொடிசு உமியோடயே வெளியே வரும். ஆகவே கல் நீக்கி, சல்லடையில் தரம் பிரிச்ச பிறகுதான் உமி நீக்கணும். சல்லடை இல்லாம உமி நீக்கி மட்டும் விற்க வர்றவரை நம்பாதீங்க.

மானியத்தில் வந்து தார்ப்பாய்க்குள்ள தூங்குற இயந்திரத்தையும் பார்த்திருக்கேன். அந்த ஊரில் இருந்தது ஒருமுனை மின்சாரம், வந்ததோ மும்முனை மோட்டார். உலக்கை பிடிக்கிற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கலை. அவங்கதான் குழுவில் முதல் ஆளா இருக்கணும். ஐந்தாறு குடும்பம் போதும். சாவி யாரிடம், கூலி காசா தானியமா, ரிப்பேர் பணம் எங்கே சேருது என்பதை இயந்திரம் வருமுன்னே எழுதி வையுங்க.

பிரான்சில் 'அத்தலியே பேய்சான்' என்ற கூட்டுறவில் உழவர்களே வெல்டிங் கற்று, கருவி செய்து, வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறாங்க. நமக்கு ஒரு நோட்டு போதும். போட்ட சாமை, வந்த அரிசி, நொய், மாத்தின சல்லடை, தேதி. லேத் பட்டறையில பாகம் கடைஞ்சா அதன் அளவையும் வரைஞ்சு வாங்குங்க. அது பட்டறைக்காரரிடம் மட்டும் இருந்தா அவர் ஊர் மாறினதும் ஆலை நின்னுடும். அந்த நோட்டின் நகல், கற்றுக்கொடுத்த ஊருக்கும் போகணும்.

அறுவடை முடிஞ்சதும் பத்து கிலோ சாமையோட கிளம்புங்க. அரிசி, நொய், உமி நீங்காத மணி மூன்றையும் தனித்தனியா எடை போட்டுட்டு வாங்க. குழுக் கூட்டத்தை அதுக்கு மறுநாள் வைக்கலாம்.