மார்பக சிடி: வழவழப்பான படம் நல்ல படமா?

நம்பிக்கை: சிடி இயந்திரம் உடலுக்குள் இருப்பதை அப்படியே போட்டோ பிடித்துத் தருகிறது.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஸ்கேன் சென்டரில் வாங்கிவரும் பிலிமில் இருப்பது கணக்குப் போட்டு வரைந்த படம். மார்பகத்துக்கென்றே உள்ள சிடியில் பெண் குப்புறப் படுப்பார். மேசைத் துளை வழியே தொங்கும் மார்பகத்தை எக்ஸ்ரே குழாய் சில விநாடிகளில் சுற்றிவந்து நூற்றுக்கணக்கான நிழல்களைப் பதியும். மேமோகிராமில் செய்வதுபோல அழுத்திப் பிடிப்பதில்லை. அந்த நிழல்களிலிருந்து கணினி முப்பரிமாண உருவத்தைத் திரும்பக் கட்டுகிறது. ஒரே நிழல்களுக்கு இரண்டு கணக்குமுறைகள் இரண்டு விதமான படங்களைத் தரலாம்.

நம்பிக்கை: இந்தக் கணக்கு முழுக்க வெளிநாட்டுச் சரக்கு.

அதன் அடித்தளம் 1917இல் யோஹான் ராடான் எழுதிய கணிதம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் ஒரு குறுக்குவழி சொன்னார்கள்: ஃபூரியர் உருமாற்றம் என்ற கணிதப் படி இல்லாமல், ஒவ்வொரு நிழலையும் நேரடியாக வடிகட்டிப் பின்னோக்கிப் பரப்பினால் உருவம் வந்துவிடும், கணினி நேரமும் மிச்சம். ‘ராம்-லக்’ ஃபில்டர் என்று இன்றும் பாடநூல்களில் இருப்பது அதுதான். ஆனால் எல்லாம் நம்முடையதே என்று மார்தட்டுவதும் சரியில்லை. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர். அதே 1971இல் நோயாளியைப் படமெடுத்த ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் சிடி இயந்திரம் வேறு முறையில் இயங்கியது. கூம்பு வடிவில் விரியும் எக்ஸ்ரே கதிருக்காக 1984இல் வந்த ஃபெல்ட்காம்ப் முறையும் இவ்வகை வடிகட்டலையே நம்புகிறது. மார்பக சிடியில் அடிக்கடி பயன்படுவது அதுவே.

நம்பிக்கை: இரைச்சல் இல்லாத வழவழப்பான படம் தரும் முறையே சிறந்தது.

குழப்பம் அதிகம் இங்கேதான். மார்பகத்துக்குக் கதிர்வீச்சு குறைவாகவே தர வேண்டும். அந்த அளவை நூற்றுக்கணக்கான நிழல்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் புள்ளிபுள்ளியாக வரும். ராம்-லக் வடிகட்டல் நுணுக்கத்தோடு அந்தப் புள்ளிகளையும் தூக்கிக் காட்டும். திரும்பத் திரும்பத் திருத்தும் புதிய முறைகளும் கணினியின் செயற்கை நரம்பு வலைப்பின்னல்களும் அவற்றைத் துடைத்துவிடும். ஆனால் புற்றுநோயின் முதல் தடயம் சில வேளை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே உள்ள கால்சியத் துகள்கள். அவையும் சேர்ந்து துடைபடலாம். மொத்தப் படத்தின் சராசரிப் பிழை இதைக் காட்டிக்கொடுக்காது. மூட்டையை எடைபோட்டு அரிசியில் கல் கிடக்கிறதா என்று சொல்ல முடியாதல்லவா?

ஆகவே நேர்மையான சோதனையில், துகள் வைத்த மாதிரியையும் வைக்காததையும் கலந்து, மருத்துவரிடமோ மருத்துவரைப் போலப் படத்தைப் பார்த்துச் சொல்லும் கணித நிரலிடமோ கொடுத்து, எத்தனையைக் கண்டார், எத்தனை முறை இல்லாததை இருப்பதாகச் சொன்னார் என்று எண்ணுவார்கள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2021இல் தொடங்கிய போட்டியில் வெறும் 128 நிழல்களிலிருந்து மார்பக உருவத்தை மீட்கச் சொன்னார்கள். வென்றவர்களின் பிழை மிகச் சொற்பம். ஆனால் அது கணினியில் உருவாக்கிய, இரைச்சலே இல்லாத தரவு. மருத்துவமனைக்கு அது போதாது.

நம்பிக்கை: நெஞ்சு சிடி எடுத்தாயிற்று, மேமோகிராம் வேண்டாம்.

நெஞ்சு சிடி நுரையீரலைப் பார்க்கவே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. கால்சிய நுண்துகள்கள் அதில் தப்பிவிடலாம். மார்பகத்துக்கான தனி சிடிக்கு அமெரிக்கா 2015இல்தான் முதல் அனுமதி தந்தது, அதுவும் நோயறிதலுக்கே. மார்பில் கட்டியோ காம்பில் கசிவோ தெரிந்த பெண்கள் ‘நெஞ்சு சிடி நார்மல்’ என்ற தாளோடு நின்றுவிடாமல், மருத்துவரிடம் காட்டி மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் தேவையா என்று கேட்க வேண்டும்.