வஞ்சினத்தின் பங்காளிகள்



பழிவாங்கும் கதை ஒன்றைத் திரைக்கதையாக்க முனைந்திருக்கும் நீ, 2022இல் வெளிவந்த ராபர்ட் எக்கர்ஸின் ‘தி நார்த்மேன்’ படத்தைப் பார்த்தாக வேண்டும். அதைப் பார்த்தவர்கள் இரு அணியாகப் பிரிந்ததையும் கவனிக்க வேண்டும். தந்தையைச் சிற்றப்பன் கொல்வதைக் கண்ட வைக்கிங் சிறுவன் அம்லெத், படகில் தப்பும்போதே தந்தைக்காகப் பழிவாங்குவேன், தாயை மீட்பேன், சிற்றப்பனைக் கொல்வேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறான். கதை இவ்வளவுதான். ஒரு சாரார் அதன் வெறியில் மயங்கினார்கள். மறு சாரார் நாயகன்மேல் ஒட்டுதலே வரவில்லை என்றார்கள். அந்தக் குறையைப் பலர் படத்தின் தோல்வியாக எண்ணுகிறார்கள். படத்தின் மிக நேர்மையான பகுதி பார்வையாளரைத் தொட்டதற்கான சாட்சியாகவே நான் அதைக் கொள்கிறேன்.

திரையில் வஞ்சினம் உரைக்கப்படும்போது பார்ப்பவரும் அதில் பங்காளி ஆகிவிடுகிறார். அந்தச் சிறுவனுக்காக அவரும் ஒரு கொலையை விரும்பத் தொடங்குகிறார். வழக்கமான படங்கள் இந்தக் கூட்டைக் கடைசிவரை காப்பாற்றும். வில்லனை மேலும் மேலும் கொடியவனாக்கி, நாயகன் கையில் படியும் இரத்தத்துக்கு நியாயம் தேடித் தரும். எக்கர்ஸும் அவருடன் எழுதிய ஐஸ்லாந்துக் கவிஞர் ஸ்யோனும் இரண்டு இடங்களில் அந்தக் கூட்டை அறுக்கிறார்கள். வளர்ந்த அம்லெத் ஒரு கொள்ளைக் கூட்டத்தோடு ரஸ் நாட்டுக் கிராமத்தைத் தாக்குவது முதல் இடம். தன்மேல் பாய்ந்த ஈட்டியைக் காற்றிலேயே பிடித்துத் திருப்பி எறிகிறான், அரங்கம் ஆர்ப்பரிக்கும். ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கேயின் கேமரா வெட்டே இல்லாததுபோல் அவனோடு நீளமாக நகர்கிறது. பிறகு, பிடிபட்டவர்களில் அடிமைச் சந்தையில் விலைபோகாதவர்களைக் குழந்தைகளோடு சேர்த்து ஒரு கட்டடத்தில் அடைத்துத் தீ வைக்கிறார்கள். அம்லெத் தடுக்கவில்லை. சற்றுமுன் கைதட்டியவருக்கு இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாது.

இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது. 1200 வாக்கில் சாக்ஸோ கிராமட்டிக்கஸ் லத்தீனில் எழுதிய டென்மார்க் வரலாற்றில்தான் அம்லெத்தின் கதை நமக்குக் கிடைக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டுக்கும் அதுவே வேர். அங்கே மகன் கடிந்துகொண்டதும் தாய் அவன் பக்கம் சேர்கிறாள், பழி நிறைவேறத் துணையும் நிற்கிறாள். படத்தில் நிக்கோல் கிட்மனின் குத்ரூன் மகனிடம் சொல்வதே வேறு. அவள் அடிமையாக வந்தவள். அவன் வன்புணர்வில் பிறந்தவன். கணவனைக் கொல்லும்படி மைத்துனனைக் கேட்டுக்கொண்டவளே அவள்தான். மீட்கப்பட வேண்டியவள் மீட்பை மறுக்கிறாள். போதாததற்கு, சிற்றப்பன் பறித்த அரசையும் நோர்வேயின் ஹரால்ட் முன்பே கைப்பற்றிவிட்டான். ஐஸ்லாந்தில் பண்ணை வைத்து வாழும் மனிதனைத்தான் அம்லெத் வேட்டையாடுகிறான். மூன்று சபதங்களில் இரண்டு பொருளிழந்துபோக, கொலை மட்டும் எஞ்சுகிறது. இதில் ஒரு சொல்லைக்கூட எழுத்தாளர்கள் அறிவுரையாகப் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள். ஐயம் நிகழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது.

வன்முறையை இவ்வளவு அழகாக எடுத்தால் அது வீரவழிபாடு ஆகாதா என்று நீ கேட்கலாம். வைக்கிங் அடையாளங்களை இனவெறிக் கூட்டங்கள் கையில் எடுத்திருக்கும் காலத்தில் இது லேசான கேள்வி இல்லை. அழகை விலக்கிவிட்டுக் கொடுமையை மட்டும் காட்டினால், பார்வையாளர் முதலிலிருந்தே தன்னை நல்லவர் பக்கம் நிறுத்திக்கொள்வார். தன் விருப்பத்தை அவர் சந்திக்கவே மாட்டார் என்பது என் பதில். ஆனால் இந்தக் கேள்விக்குப் படம் முழுதாகத் தப்பவும் இல்லை. காதலி ஓல்காவோடு கப்பலில் விலகிப் போகும் அம்லெத், அவள் கருவுற்றிருப்பது தெரிந்ததும் கடலில் குதித்துத் திரும்புகிறான். பிறக்கப்போகும் பிள்ளைகளைக் காக்கவே கொல்கிறேன் என்கிறான். அங்கே எக்கர்ஸ் ஓரடி பின்வாங்கிவிட்டார். தனித்து நிற்க விட்டவனுக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்து, விலகிப் போன பார்வையாளரை மறுபடி அவன் பக்கம் அழைத்துக்கொள்கிறார். தாயும், சிற்றப்பனுக்கு அவள் பெற்ற தம்பியும் அவன் கையால் மடிந்த பிறகும், எரிமலைச் சரிவில் நடக்கும் கடைசிச் சண்டையை அதனால்தான் பலரால் சங்கடமில்லாமல் ரசிக்க முடிந்தது. நீ இதைச் செய்யாதே.

பார்வையாளரோடு உள்ள கூட்டை அறுப்பதற்கு ஒரு விலை உண்டு. 7 கோடி டாலருக்குக் குறையாத செலவில் எடுத்த அந்தப் படம், திரையரங்குகளில் ஈட்டியது ஏறத்தாழ அதே அளவு. படத்தொகுப்பில் இறுதி முடிவு இயக்குநர் கையில் இல்லை. மாதிரித் திரையிடல்களில் வந்த கருத்துகளோடு ஸ்டுடியோ அவரை நெருக்கியது. உன் படத்துக்கும் யாராவது அப்படிக் கருத்துச் சொல்வார்கள். நாயகனோடு ஒட்ட முடியவில்லை என்றால் கோபப்படாதே, உடனே வெட்டவும் வெட்டாதே. எந்த இடத்திலிருந்து என்று கேள். அவன் செய்யக்கூடாததைச் செய்த இடத்திலிருந்து என்றால் அந்தக் காட்சியில் கைவைக்க வேண்டாம். அதற்கு முன்பிருந்தே என்றால், வஞ்சினம் உரைக்கும் காட்சியில் பார்ப்பவரைப் பங்காளி ஆக்க நீ தவறியிருக்கிறாய். அதைத் திரும்ப எழுது.