பஞ்சு எடுக்க மெஷின் வந்த கதை



கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "ஐயா, கத்தரி வந்துருச்சு, மெஷினும் வருதுங்கிறாங்க. எங்க பேர் என்னாகும்?" இதே கேள்வி அமெரிக்காவில் பருத்திக்காட்டு மக்களுக்கும் வந்தது. அதை இம்முறை பார்ப்போம்.

மிசிசிப்பி மாநிலத்தில் பஞ்சு எடுத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முதலாளியின் நிலத்தில், முதலாளி கொடுத்த குடிலில் குடும்பமாக இருந்தார்கள். நமக்கு முதுகில் கூடை. அவர்களுக்குத் தோளில் மாட்டித் தரையில் இழுத்துப்போகும் நீளமான பை. நிரம்பினால் தராசு, பிறகு கோவேறு கழுதை வண்டியில் விதை பிரிக்கும் ஆலைக்கு.

மெஷின் செய்தது லேசில் நடக்கவில்லை. ஜோன் றஸ்ட் என்பவர் சின்ன வயதில் பஞ்சு எடுத்தவர். பனி ஈரத்தில் பஞ்சு விரலில் ஒட்டியதும், பாட்டி ராட்டினக் கதிரை நனைத்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. ஈரமான கதிர்கள் சுழன்று பஞ்சைச் சுற்றி இழுக்கும்படி மெஷின் செய்து, 1936இல் ஸ்டோன்வில்லில் காட்டினார். இதனால் எத்தனை பேருக்கு வேலை போகுமோ என்று அவரும் தம்பியுமே கவலைப்பட்டார்கள்!

1944 ஒக்ரோபரில் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஹொப்சன் தோட்டத்தில் வேறொரு கம்பெனியின் மெஷின்கள் இறங்கின. கையால் மணிக்கு 20 றாத்தல். மெஷினுக்கு 1000 றாத்தல். செடியையும் மெஷினுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். காய்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும் இனங்கள், இலை உதிர மருந்து. பஞ்சுக்கு இலை குப்பை. நமக்கோ இலைதான் பொருள். மெஷின் முத்தினதையும் சேர்த்து வெட்டிடும். அதனால் நம்ம விரலுக்கு இன்னும் மதிப்பு இருக்கு.

எடுப்பது வேகமானதும் ஏற்றுவதில் சிக்கல் வந்தது. ஆலை வாசலில் டிரெயிலர்கள் வரிசையில் நிற்க, வெறும் டிரெயிலர் இல்லாமல் காட்டில் மெஷின் நின்றது. 1970களின் தொடக்கத்தில் டெக்சாஸில் வழி கண்டார்கள்: காட்டிலேயே பஞ்சை அழுத்தி, பெரிய பாண் மாதிரி கட்டியாக்கி மூடி வைத்து, ஆலைக்கு வசதியான நாளில் லொறியில் ஏற்றுவது.

மெஷின் வந்த அன்றே சனங்களை அனுப்பிவிடவில்லை. புல்லு வெட்டக் கை வேணுமே! களைமருந்தும் பரவிய பிறகுதான் குடும்பங்கள் தேவைப்படாமல் போயின. 1960களின் முடிவில் அங்கே அநேகமாக எல்லாப் பஞ்சையும் மெஷின்தான் எடுத்தது. குடில் முதலாளியுடையது, வேலை போக, இருக்க இடமும் போச்சு. அந்த வருசங்களில் எத்தனையோ குடும்பங்கள் சிக்காகோவுக்கு ரயில் ஏறின. அக்கா, பேரைப் பற்றிக் கேட்கும்போது லயத்துக் காம்பராவுக்கு உறுதி எங்கே என்றும் சேர்த்துக் கேளுங்க.

அந்த ஹொப்சன் தோட்டத்தில் இப்போது பழைய குடில்களை விடுதியாக்கி, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுறாங்க.